முத்திரையிட்ட பத்திரம்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)



கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி எங்களைக் காண வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

கம்ப்யூட்டர் கோப்புகளைப் பற்றி ஒரு போதகர் ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். நான் செய்த ஒரு தவறே அதற்குக் காரணம். பல வருஷங்களுக்கு முன், ஜெபக்குறிப்பு என்று எண்ணி, ஒரு சகோதரியின் பெயர், ஊர், வியாதி எல்லாவற்றையும் எழுதி ஒரு நண்பருக்கு அனுப்பினேன். அந்தத் தாள் கைமாறி அவருடைய ஊருக்கே போய்விட்டது. அதன்பின் அவர் மாத்திரை வாங்க வரவில்லை. தேடிப் போனேன், கதவு திறக்கவில்லை.

1914-ல் இம்மலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் சீர்செய்தார். கை சீரானாலும் நோயின் பெயர் அவர்களை விட்டுப் போகவில்லை. வேலை கொடுக்கப் பலர் அஞ்சினார்கள். வியாதியின் பெயர் வெளியே போனால், மருந்தினால் அதைத் திரும்ப அழைக்க முடியாது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் பதிவேடுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று 2017-ஆம் வருஷத்துச் சட்டமும் கட்டளையிடுகிறது.

எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்தில் நிலம் வாங்கியபோது, கிரயப்பத்திரத்தை முத்திரையிட்டு, வெகுகாலம் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். மறைத்து வைப்பதும் கெடாமல் வைப்பதும் அன்றே சேர்ந்திருந்தன. எங்கள் அலுவலகத்திலும் இப்போது அப்படியே செய்கிறோம்.

நோயாளிகளின் பட்டியலை என்கிரிப்ஷன் முறையில் சங்கேதமாக மாற்றி வைக்கிறோம். கடவுச்சொல் இல்லாமல் திறந்தால் பொருளற்ற எழுத்துகளே தெரியும். 2001-ல் அமெரிக்க அரசு தரமாக ஏற்றுக்கொண்ட ஏ.இ.எஸ். முறை, 7-ஜிப் போன்ற இலவச மென்பொருளிலும் இருக்கிறது. அதில் கோப்புப் பெயர்களையும் மறைக்கும் வசதியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயிருக்கும் கோப்புகளின் பெயர்கள் வெளியே தெரியும். கோப்புக்கு நோயாளியின் பெயரையே வைத்திருந்தால், பூட்டியும் பயனில்லை.

கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால், கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்கிறோம். இரண்டையும் ஒரே கடிதத்தில் அனுப்புவது, பெட்டியையும் சாவியையும் ஒரே பையில் போட்டு அனுப்புவது போலாகும். கடவுச்சொல் தொலைந்தால் எங்களாலேயே திறக்க முடியாது. ஆகையால் அதை எழுதி, உறையில் ஒட்டி, இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

பூட்டு மட்டும் போதாது. 2022 நவம்பரில் புதுடெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்களில் புகுந்தவர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல்களைத் தாங்களே சங்கேதமாக்கிப் பூட்டிவிட்டார்கள். பல நாட்கள் கையால் எழுதியே வேலை நடந்தது. நாம் முன்பே பூட்டி வைத்த கோப்பைக்கூட இப்படி மேலும் ஒரு பூட்டுப் போட்டு முடக்கிவிடலாம். ஆகவே இன்னொரு பிரதியைக் கம்ப்யூட்டரோடு இணைக்காமல் தனியாக வைக்கிறோம். அதுவே எங்கள் மண்பாண்டம்.

அன்பானவர்களே, உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள். நீங்கள் கொடுத்த பணத்தில் சிகிச்சை பெற்றவரின் பெயரும் படமும் எங்கள் கடிதத்தில் இல்லாவிட்டால் வருத்தப்படாதீர்கள். பூட்டிய கோப்பு உங்களுக்கு வந்தால், கடவுச்சொல்லுக்காக அலுவலகத்தோடு பேசுங்கள். திறந்த பிரதியை வேறொருவருக்கு அனுப்பாதீர்கள். வாசித்து முடித்ததும் அதை அழித்துவிடுங்கள்.

ஜெபிக்கும்போது பெயர் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். "மலையிலிருந்து வந்த ஒரு சகோதரி" என்று நீங்கள் சொன்னாலே போதும். அவர் யாரென்று கர்த்தருக்குத் தெரியும். எனக்குக் கதவைத் திறக்காத அந்தச் சகோதரிக்காக நான் இன்றும் ஜெபிக்கிறேன். ஆனால் அவருடைய பெயரை இங்கே சொல்லமாட்டேன்.

கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.