கொழும்பு வேலைக்கும் பேர் வேண்டும்

(தோட்ட இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தீபாவளிக்கு வந்த பிள்ளைகள் மறுபடி கொழும்பு பஸ் ஏறப் போகிறார்கள். மேசன், கம்பி கட்டுபவர், டைல்ஸ் பதிப்பவர் என்று லயத்துக்கு லயம் தொழில் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கே கிடைப்பதைவிட அங்கே நாட்சம்பளம் கூட. அதனால் போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். கொழுந்து நிறுத்ததும், முழுப்பேரா அரைப்பேரா என்று கேட்காமல் எந்தத் தாயும் வீட்டுக்குப் போவதில்லை. அதே தாயின் மகன் வருஷக்கணக்காகக் கொழும்பில் சுவர் கட்டுகிறார். அவருக்கு எந்தப் புத்தகத்தில் பேர் போடுகிறார்கள்?

நம் தம்பி ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து வந்தார். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. முறையிடப் போனோம். கட்டிடக்காரர் கொந்தராத்துக்காரரைக் காட்டினார்; அவர் ஆள் கூட்டிப்போன பாஸைக் காட்டினார். எங்கள் கையில் இருந்தது ஒரு போன் நம்பர் மட்டும்தான்.

நம் பாட்டன்மாரைக் கங்காணி முற்பணம் கொடுத்துக் கூட்டி வந்தார். கடனைத் துண்டில் எழுதினார்கள். அது தீராமல் தோட்டம் மாற முடியாது. 1921இல் அந்தத் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. இன்றும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அது கழியும்வரை வேறு இடம் போகாதே என்கிறார்கள். அன்று கடனுக்காவது துண்டு இருந்தது. இன்று உழைப்புக்கே துண்டு இல்லை.

ஆகவே பஸ் ஏறுமுன் நான்கு காரியம் செய்வோம்.

ஒன்று: முதலாளியின் பேர், விலாசம், வேலைத்தலம், நாட்சம்பளம் இவற்றை எழுதி வாங்கி, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள்.

இரண்டு: ஊழியர் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். தற்காலிக வேலைக்காரருக்கும் நாட்கூலிக்கும் அது உரியது. உங்களிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்டவேண்டும். மாதம் 60,000 ரூபா உழைப்பவருக்கு முதலாளி பங்கு மட்டும் 9,000 ரூபா. கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். சங்கம் கூட வரும்.

மூன்று: ஒரு கொப்பி வாங்குங்கள். தேதி, இடம், நேரம், வாங்கிய காசு ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். அதுதான் உங்கள் செக்ரோல்.

நான்கு: நைட்டாவில் கைவேலையைப் பரீட்சித்து என்.வி.கியூ. சான்றிதழ் தருகிறார்கள். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவரும் எடுக்கலாம். வேலை தெரியும் என்று வாயால் சொல்வதைவிட அந்தக் கடதாசிக்குப் பெறுமதி கூட.

கடைசியாக, ஆள் கூட்டிப் போகும் அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. கங்காணியும் வெளியாள் இல்லை, நம் ஆள்தான். நீங்கள் கூட்டிப் போகும் பிள்ளையின் தாய் பக்கத்து லயத்தில் இருக்கிறார். மகனுக்குப் பேர் போட்டாயா என்று அவர் கேட்பார். பதில் சொல்லக்கூடியவராக இருங்கள்.