ஈரற் புற்றுநோயும் மரபுச் செய்தியின் வெட்டலும் ஒட்டலும்

(பொண்டியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஈரல் நோய் என்றதும் லாச்சப்பலிலும் பொண்டியிலும் எம்மவர் மதுவையே நினைக்கின்றனர். மதுவைத் தொடாதவரையும் ஈரற் புற்றுநோய் தாக்குகின்றது. ஈரலழற்சி பி, சி வைரசுகளும் நீரிழிவும் உடற்பருமனும் அதற்கு வழிதிறக்கின்றன.

மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ அப்படியே புரதமாவதில்லை. வேண்டாத துண்டுகள் வெட்டப்பட்டு, எஞ்சியவை ஒட்டப்படுகின்றன. 1977 இல் இவ்வுண்மை வெளிப்பட்டது. ரிச்சர்ட் ரொபேர்ட்ஸ், பிலிப் சார்ப் இருவரும் 1993 இல் நோபல் பரிசு பெற்றனர். 'கரும்பு' என்பதில் ஓரெழுத்தை நீக்கினால் 'கம்பு' ஆகின்றதல்லவா? அதுபோல் ஒரே மரபணு, ஒரு துண்டைச் சேர்ப்பதாலும் விடுவதாலும் வெவ்வேறு புரதங்களைத் தருகின்றது.

இன்சுலினை ஏற்கும் புரதத்தை எடுத்துக்கொள்வோம். வளர்ந்தவரின் ஈரலில் பதினோராவது துண்டு சேர்க்கப்பட்ட 'பி' வடிவமே மிகுதி. அத்துண்டு விடப்பட்டால் 'ஏ' வடிவம் உருவாகும். அது கருவிலுள்ள சிசுவுக்கு உரியது. வளர்ச்சியைத் தூண்டும் வேறொரு சுரப்பையும் பற்றிக்கொள்ளும். ஈரற் புற்றுக்கட்டிகள் பலவற்றில் இந்த 'ஏ' வடிவம் பெருகியிருப்பதைப் பாரிஸ் சென் அந்துவான் ஆய்வாளர்கள் 2013 இல் வெளியிட்டனர். மரபணுவின் எழுத்து மாறவில்லை. கலத்தின் வளர்ச்சிச் சமிக்ஞை மிகைப்பட்டு, வெட்டி ஒட்டும் புரதங்களின் அளவைக் குலைத்திருந்தது. வளர்ந்த ஈரற்கலம் மீண்டும் கருப்பருவக் கலம்போல் நடந்துகொள்ளத் தொடங்குகின்றது.

இதைக் கேட்டு எவரும் இன்சுலின் ஊசியை நிறுத்திவிடலாகாது! கட்டுப்படாத நீரிழிவே ஈரலுக்குப் பகை.

இவ்வறிவு இன்னும் நாளாந்தச் சிகிச்சையாகவில்லை. இன்று கைகொடுப்பது காலத்தே கண்டறிதலே. அதில் பொண்டிக்கும் பங்குண்டு. இங்குள்ள ஜோன் வெர்டியே மருத்துவமனையின் ஈரல் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வொன்று 2011 இல் வெளிவந்தது. ஈரல் இறுகிய 1278 பேரில் மூன்று மாதத்துக்கொரு முறையும் ஆறு மாதத்துக்கொரு முறையும் செய்த ஸ்கான் பரிசோதனைகள் ஒப்பிடப்பட்டன. மூன்று மாத முறையால் மேலதிக நன்மை கிடைக்கவில்லை. ஆகவே ஈரல் இறுகியவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாது செல்லவேண்டும். வலி வரட்டும் என்று காத்திருப்பவர் பிந்திவிடுகின்றார்.

பிரான்சில் 2018 முதல் பிறந்த குழந்தைகளுக்கு ஈரலழற்சி பி தடுப்பூசி கட்டாயம். இலங்கையிலோ அது குழந்தைகளுக்கு 2003 இலேயே தொடங்கியது. அதற்கு முன் அங்கு பிறந்த பெற்றோர் பலர் அதனைப் பெற்றிருக்கமாட்டார்கள். மருத்துவரிடம் மொழிபெயர்க்கச் செல்லும் பிள்ளைகளே, அம்மா அப்பாவின் இரத்தத்தில் ஈரலழற்சி பி, சி சோதிக்கப்பட்டதா என்று அடுத்தமுறை கேட்டுவாருங்கள்.