சும்மா இருக்கும் அம்மா

"அம்மா என்ன செய்றாங்க?" "வீட்ல சும்மாதான் இருக்காங்க." நேயர்களே, இந்தச் 'சும்மா'வையும் நிமிடக் கணக்கில் அளந்துவிட்டார்கள்!

2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வீடு வீடாகப் போய், ஒரு நாள் முழுக்க என்னென்ன செய்தீர்கள் என்று அரை மணி அரை மணியாகக் கேட்டது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97. அதுவும், வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரிதான். அப்படிப்பட்ட புண்ணியவான்கள் நூற்றுக்கு 26 பேர், பெண்கள் 81. பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்வது தனிக் கணக்கு.

2024-ல் மறுபடி கேட்டார்கள். பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்து 289. ஆண்கள் சும்மா விடுவார்களா? அவர்களும் ஒன்பது நிமிடம் குறைத்து 88-க்கு வந்துவிட்டார்கள்!

ஐயா, காபி குடித்த அந்த டம்ளரையாவது கழுவி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.