சுருட்டை விரியனின் நஞ்சும் இருதய மருந்தும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மணற்பாங்கான காணிகளில் இருளில் விளக்கின்றி நடப்போர் அஞ்சவேண்டிய பாம்புகளுள் சுருட்டை விரியனும் ஒன்று. ஏறக்குறைய ஓரடி நீளமே உள்ள இச் சிறு பிராணி, சினங்கொண்டால் உடலை மடித்துச் செதில்களை ஒன்றோடொன்று உராய்ந்து, வாள் மரத்தை அறுப்பது போன்ற ஓசையை எழுப்பும்.

அது கடித்தால் நேர்வது யாது? காயத்திற் குருதி உறைவதற்கு இரண்டு துணைகள் வேண்டும். ஒன்று, குருதியிற் கரைந்துள்ள உறைபொருட்கள். மற்றையது, குருதிச் சிறுதட்டுக்கள். நஞ்சிலுள்ள நொதியங்கள் உறைபொருட்களை வீணே செலவழித்துவிடுகின்றன. அந் நஞ்சிலேயே எக்கிஸ்டாற்றின் என்னும் பெப்டைட்டும் உண்டு. பெப்டைட்டு என்பது அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த குறுஞ்சரம். நீரிழிவு நோயாளர் ஏற்றிக்கொள்ளும் இன்சுலினும் 51 மணிகள் கொண்ட இவ்வினத்ததே. எக்கிஸ்டாற்றினில் உள்ளவை 49. அவற்றுள் அடுத்தடுத்து நிற்கும் மூன்றே மணிகள் சிறுதட்டைப் பற்றிக்கொள்ள, ஒரு தட்டு மற்றொன்றுடன் கைகோக்க இயலாது போகின்றது.

மாரடைப்பில் நேர்வதோ இதற்கு நேர்மாறு. இருதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியினுள், வேண்டாத இடத்திற் சிறுதட்டுக்கள் கைகோத்து வழியை அடைக்கின்றன. ஆகவே, இரசாயனவியலார் அம் மூன்று மணிகளின் வடிவத்தை முன்மாதிரியாகக் கொண்டு சிறு மருந்தொன்றை ஆக்கினர். டைரோபைபான் எனும் அது 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நஞ்சையே மருந்தாக்கினர் என்று சிலர் கூறுவது சரியன்று. நஞ்சைப் பார்த்துப் படியெடுத்தனர் என்பதே பொருந்தும்.

கடிபட்டவருக்கு இக் கதையாற் பயனில்லை. யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற மருத்துவ ஆய்வுகள், இங்குள்ள சுருட்டையின் கடி பெரும்பாலும் மிதமானதே எனக் காட்டியுள்ளன. அதனைக் கேட்டு அசட்டையாயிருத்தல் ஆகாது. கடித்தது கண்ணாடி விரியனின் குட்டியாகவும் இருக்கலாம். இருளில் அதனைச் சுருட்டையென எண்ணி ஏமாறுதல் எளிது, அதன் நஞ்சோ உயிரை வாங்க வல்லது. கடிவாயைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் தீமையே. விசகடி வைத்தியரின் வாசலிற் பொழுதைக் கழிப்பதும் அத்தகையதே.

வைத்தியசாலையில் செய்யப்படும் சோதனை மிக எளியது. சிறிது குருதியைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசையாது வைத்துப் பின் சரித்துப் பார்ப்பர். உறையாது நீராய் ஓடினால் விஷமுறி மருந்தை ஏற்றுவர். உறைந்திருந்தாலும் சில மணி நேரங் கழித்து மீண்டும் பார்ப்பர். நஞ்சு தாமதித்தும் வேலை செய்யும். ஆதலால், முதற் குழாய் உறைந்ததென்று கடிபட்டவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லலாகாது.