கைக்கு வராத பதக்கம்

கடலூர் மாவட்டத்து வேப்பூர் கூட்டுரோட்டில் இறங்கி எந்தத் திசையில் போனாலும், நாலைந்து ஊருக்குள் ஒரு ‘மிலிட்டரிக்காரர் வீடு’ கண்ணில் படும். வானம் பார்த்த பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் எல்லோருக்கும் சோறு போட்டதில்லை, விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளும் எல்லோருக்கும் வேலை கொடுத்ததில்லை. ஆளெடுப்பு முகாமுக்கு ரயிலேறியவர்கள் இங்கே உண்டு. அந்த வீடுகள் பலவற்றில் இன்று மிலிட்டரிக்காரர் இல்லை, அவர் மனைவிதான் இருக்கிறார். 1971 போரின்போது இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபத்தைந்தை ஒட்டிய வயது. அந்தத் தலைமுறையில் கணவரை இழந்த பெண்களில் சிலர், அவருக்குச் சேர வேண்டிய பதக்கம் வரவேயில்லை என்று மனு எழுதுகிறார்கள். போனவருக்கு இனிமேல் பதக்கம் எதற்கு என்று சொந்தபந்தமே கேட்கிறது. நான் சொல்ல வந்தது இதுதான்: உரிய பதக்கம் என்பது அரசு பட்ட கடன். வாங்க வேண்டியவர் இறந்துவிட்டார் என்பதால் அந்தக் கடன் தள்ளுபடி ஆகிவிடாது. அதைக் கேட்டு மனைவி அலையக் கூடாது, அரசுதான் அவரைத் தேடி வர வேண்டும்.

ராணுவப் பதக்கங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று வீரதீரச் செயலுக்கான விருது. இலங்கையில் 1987 நவம்பரில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம் வீர் சக்ரா, கார்கில் போரில் படாலிக் முனையில் வீழ்ந்த மேஜர் சரவணனுக்கு வீர் சக்ரா, சோபியானில் 2014-ல் வீழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ரா, கல்வானில் 2020-ல் வீழ்ந்த ராமநாதபுரத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா. இவையெல்லாம் நமக்குத் தெரிந்த பெயர்கள். இரண்டாவது வகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1971-ல் கிழக்கு முனையில் நின்றவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் நின்றவருக்குப் பச்சிமி ஸ்டார், அந்தக் காலத்தில் படையில் இருந்தவர்களுக்குச் சங்கராம் மெடல், பனிமலையில் காவல் நின்றவருக்குச் சியாச்சின் மெடல், ஒன்பது, இருபது, முப்பது ஆண்டுப் பணிக்குத் தனித்தனி மெடல்கள். இவற்றுக்கு அதிகாரியின் சிபாரிசு வேண்டியதில்லை. இன்ன நாளில் இன்ன இடத்தில் பணியில் இருந்தார் என்று பதிவேடு சொன்னால் போதும், மெடல் அவருடையது. இதில் மாதப் படியும் கிடையாது. ஆகவே பூர்வி ஸ்டார் கேட்டு மனு போடும் பெண் காசுக்காக அலைகிறார் என்று யாராவது சொன்னால், அது தெரியாமல் பேசும் பேச்சு.

பதிவேடு சொன்னால் போதும் என்றால் இது ஏன் வராமல் போகிறது? மெடலைச் செய்து, அதன் விளிம்பில் படை எண், பதவி, பெயர் மூன்றையும் பொறித்து, ஆளுக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் ஆள் வேறு முகாமுக்கு மாறியிருப்பார், அல்லது டிஸ்சார்ஜ் ஆகி ஊர் திரும்பியிருப்பார். பணியில் இருப்பவர்களுக்கே காலத்தில் வருவதில்லை என்பதால், கண்டோன்மென்ட் பக்கத்துக் கடைகளில் அதே அச்சில் செய்த நகலை வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டு அணிவகுப்பில் நின்றவர்கள் ஏராளம். அந்தக் கடை மெடலின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், மொழுமொழுவென்று இருக்கும். எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. கணவர் இறந்தபின் பெட்டியைத் திறக்கும் மனைவி எடுத்துப் பார்ப்பது சில வீடுகளில் இதைத்தான். பெயர் பொறித்த ஒன்று எங்கோ இருக்க வேண்டும் என்று அவர் நினைப்பதில் என்ன தவறு?

இறந்தவருக்குப் பதக்கம் தருவது அரசு மனமிரங்கிச் செய்யும் சலுகை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. நம் நாட்டின் முதல் பரம் வீர் சக்ரா மேஜர் சோம்நாத் சர்மாவுக்குப் போனது. அவர் ஸ்ரீநகரை அடுத்த பட்காமில் வீழ்ந்தது 1947 நவம்பர் 3-ல். அந்தப் பதக்கம் ஏற்படுத்தப்பட்டதே 1950 ஜனவரி 26-ல்தான். 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்தவற்றுக்கும் இது செல்லும் என்று குடியரசு தன் முதல் நாளிலேயே பின்னோக்கிப் பார்த்து ஆணையிட்டது. அதற்கும் முந்தைய கதை இன்னும் பொருத்தமானது. பிரிட்டனின் விக்டோரியா கிராஸ் தொடக்கத்தில் இறந்தவர்களுக்குக் கிடையாது. 1879-ல் தென்னாப்பிரிக்காவின் இசண்டல்வானாவில் ரெஜிமென்டின் கொடியைக் காப்பாற்றப் போய் மெல்வில், கோக்ஹில் என்ற இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். உயிரோடிருந்தால் சிபாரிசு செய்திருப்போம் என்று அரசிதழில் ஒரு வரி வந்ததோடு சரி. மெல்வில்லின் மனைவி விடவில்லை. மன்னர் ஏழாம் எட்வர்டுக்கே மனு அனுப்பினார். 1907-ல், இருபத்தெட்டு ஆண்டு கழித்து, இருவருக்கும் விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. இறந்தவருக்கும் விருது உண்டு என்ற வழக்கம் நிலைபெற்றதில் கணவனை இழந்த ஒரு பெண்ணின் மனுவுக்கும் பங்கு உண்டு. வேப்பூரிலிருந்து மனு எழுதும் பெண் புதிதாக எதையும் கேட்கவில்லை.

இனி மறுப்புகளுக்கு வருவோம். கனமான மறுப்பு வீரதீர விருதுகளைப் பற்றியது. அவற்றுக்குக் களத்தில் இருந்த அதிகாரி எழுத வேண்டும், அது படிப்படியாக மேலே போய்ப் பாதுகாப்பு அமைச்சகத்தைத் தாண்டிக் குடியரசுத் தலைவரை அடைய வேண்டும். ஐம்பது ஆண்டுக்குப்பின் குடும்பத்தார் கேட்டார்கள் என்று கொடுக்க ஆரம்பித்தால் பதக்கத்தின் மதிப்பு என்ன ஆகும்? இந்தக் கவலை நியாயமானது. பழைய போர்களின் விருதுகளை மறுபடி திறப்பதில்லை என்ற நிலைப்பாடும் இதிலிருந்துதான் வருகிறது. ஆனால் சாட்சி இல்லாததாலேயே ஒரு வீரம் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? 1962 நவம்பரில் லடாக்கின் ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கின் கம்பெனி கிட்டத்தட்ட முழுவதுமாக மடிந்தது. தப்பி வந்த சிலர் சொன்னதை முதலில் பலர் நம்பவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பனிக்குள் உறைந்த உடல்கள், ஆயுதம் பிடித்த கையோடு, பதுங்குகுழிகளிலேயே கிடைத்தபோதுதான் உலகம் நம்பியது. எல்லாச் சாட்சியும் இப்படிப் பனியில் பத்திரமாக இருப்பதில்லை.

கதவைத் திறந்தால் வெள்ளம் வந்துவிடும் என்ற அச்சத்துக்கும் அனுபவம் பதில் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில் கறுப்பின வீரர் ஒருவருக்குக்கூட அமெரிக்கா தன் உயரிய மெடல் ஆஃப் ஆனர் விருதைத் தரவில்லை. ஏன் என்று ராணுவமே பின்னாளில் ஆய்வு நடத்தி, 1997-ல் ஏழு பேருக்கு வழங்கியது. அதை வாங்க அப்போது உயிரோடிருந்தவர் ஒரே ஒருவர். அத்தனை பெரிய போருக்கு ஏழே ஏழு விருதுகள். அந்த விருதின் மதிப்பு இதனால் குறைந்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. போர்க்காலத்து நாட்குறிப்பு, அன்றைக்கே எழுதிய அறிக்கை போன்ற எழுத்துச் சான்று புதிதாகக் கிடைத்தால் மட்டும் ஆராய ஒரு குழு இருக்கட்டும். வெறும் ஞாபகத்தை வைத்துக் கேட்கும் மனுவை அது மறுக்கட்டும், ஆனால் காரணம் எழுதி மறுக்கட்டும். பூர்வி ஸ்டார் கேட்கும் மனுவை இந்தத் தகராறுக்குள் இழுக்கவே கூடாது. அங்கே தீர்ப்பு சொல்ல ஒன்றுமில்லை, பதிவேட்டைப் புரட்ட வேண்டியதுதான்.

பென்ஷன் வருகிறதே, தகரத்துண்டு எதற்கு என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் இதற்கு நெடுநாள் முன்பே பதில் சொல்லியாகிவிட்டது. ஆநிரை மீட்டு இறந்தவனுக்கு நடுகல் நட்டார்கள். செங்கம் பகுதியில் கிடைத்த கற்களைப் பாருங்கள்: அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், எந்தச் சண்டையில் பட்டான் என்று பொறித்திருக்கும். வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலமும் விட்டார்கள். நிலம் கொடுத்தோம், ஆகவே கல் வேண்டாம் என்றோ, கல் நட்டோம், ஆகவே நிலம் வேண்டாம் என்றோ அவர்கள் கணக்குப் போடவில்லை.

யாரிடம் கொடுப்பது என்பதில்தான் உண்மையான சிக்கல். சியாச்சின் தீ விபத்தில் 2023-ல் இறந்த மருத்துவ அதிகாரி கேப்டன் அன்சுமன் சிங்கின் கீர்த்தி சக்ராவை மறு ஆண்டு ஜூலையில் அவர் மனைவியும் தாயும் சேர்ந்தே வாங்கினார்கள். சில நாட்களிலேயே, மனைவியை முன்னிறுத்தும் வாரிசு விதியை மாற்ற வேண்டும் என்று பெற்றோர் பகிரங்கமாகக் கேட்டார்கள். பெற்ற வயிற்றின் வேதனையை யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் பதக்கம் மனைவியிடம் போவதை நான் ஆதரிக்கிறேன். மாற்றலாகும் முகாமெல்லாம் கூடவே போனவரும், தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவரும் அவர்தான். பெற்றோருக்கும் அதே பெயர் பொறித்த அரசின் நகல் ஒன்றைத் தந்துவிட்டால் வழக்குக்கே இடமில்லை. மறுமணம் செய்துகொண்டால் என்ன என்று கேட்கலாம். வீரதீர விருதுக்கான மாதப் படி மறுமணத்தால் நின்றுபோகும் என்ற விதியை 2017 நவம்பரில் மத்திய அரசே நீக்கிவிட்டது. பணத்துக்கே தடையாக இல்லாத ஒன்று பதக்கத்துக்கு மட்டும் எப்படித் தடையாகும்?

கொடுக்கும் விதமும் முக்கியம். அகமதாபாத்தில் ஒரு தந்தை, மகனின் சௌர்ய சக்ரா கூரியரில் வந்தது என்பதற்காக 2022-ல் அதைத் திருப்பி அனுப்பினார். அவர் கேட்டது ஒரு மேடையும் ஒரு கையும்தான். முகுந்த் வரதராஜனின் பெயர் அவர் இறந்த நான்கு மாதத்துக்குள் அறிவிக்கப்பட்டு, 2015 குடியரசு தினத்தன்று அவர் மனைவி கையில் பதக்கம் தரப்பட்டது. செய்ய நினைத்தால் இந்த அரசாங்கத்தால் முடிகிறது. நினைவஞ்சலிக் கூட்டங்களில் குடும்பத்தார் இறந்தவரின் பதக்கங்களை வலது மார்பில் அணிந்துகொள்ளலாம் என்று 2018-ல் ராணுவம் அனுமதித்தும் இருக்கிறது. அணிய அனுமதி உண்டு, அணியப் பதக்கம் இல்லை என்பது என்ன நிலை?

ஆகவே கேட்பது பெரிய காரியமல்ல. ஆண்டுதோறும் பென்ஷனுக்காக இந்தப் பெண்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கிறார்கள். கணவரின் படை எண் பென்ஷன் கணினியில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் புக்கில் மெடல்களுக்கென்று ஒரு இடம் இருக்கிறது. உயிர்வாழ் சான்று வாங்கும் அன்றே, எழுதியிருக்கும் மெடல் கைக்கு வந்ததா என்று ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்தப் பட்டியலைக் கடலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பலாம். வந்து சேர்ந்த மெடல்களை டிசம்பர் 7 கொடிநாள் விழாவில் ஆட்சியர் கையால் கொடுக்கலாம். அதுவரை, இந்த உரையைக் கேட்கும் வீடுகளில் டிஸ்சார்ஜ் புக்கைத் தேடி எடுத்து வையுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது, மெட்ராஸ் சேப்பர்ஸ் என்றால் பெங்களூரில். படை எண்ணையும், எந்த மெடல் என்பதையும் தெளிவாக எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். மனுவின் நகலும் தபால் ரசீதும் வீட்டிலேயே இருக்கட்டும்.