ஓட்டும் தண்டும் தாங்கும் கரமும்

மோட்டார் வண்டியின் 'சஸ்பென்ஷன்' பற்றி இன்று சிறிது சிந்திப்போம். அச்சொல்லைக் கேட்டதும் அரசாங்க அலுவலகங்களில் பணியாற்றும் அன்பர்கள் திடுக்கிட வேண்டுவதில்லை. கோப்புகளில் அது ஓர் ஊழியரைத் தற்காலிகமாகப் பணியினின்று விலக்கி வைப்பதைக் குறிக்கும். வண்டியிலோ உடற்பகுதியைச் சக்கரங்களின்மேல் நிறுத்தும் அமைப்பைக் குறிக்கும். எம் போன்ற மொழிபெயர்ப்பாளர் அதனைத் 'தொங்கலமைப்பு' என எழுதுவோம். தாங்குவதைத் தொங்குவதென்று கூறலாமா எனின், ஐரோப்பியர் குதிரை வண்டியின் பெட்டியைத் தோல்வார்களில் தொங்கவிட்ட காலத்துப் பெயர் அது.

இவ்வமைப்பின் கடமைகள் இரண்டு. மேடுபள்ளங்களின் அதிர்ச்சி நம்மை எட்டாது தணித்தல் ஒன்று. டயர் எந்நிலையிலும் சாலையைப் பற்றியிருக்கச் செய்தல் மற்றொன்று. முன்னது சுகத்தைச் சார்ந்தது; பின்னது உயிரைச் சார்ந்தது. விரைந்து செல்லும் வண்டிக்குப் பின்னதே தலையாயது.

தமிழர் பலருக்கும் அறிமுகமான ஒரு வண்டியைக் கொண்டே இதனை விளக்கலாம். 1959இல் இங்கிலாந்தில் டிரயம்ஃப் நிறுவனத்தார் ஹெரால்டு என்னும் காரை வெளியிட்டனர். 1961 முதல் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் உருவாயிற்று. அதன் பின்புறத்தில் டிஃபரன்ஷியல் பெட்டி சட்டத்தோடு இறுகப் பிணைந்திருக்கும். அதிலிருந்து இருபுறமும் தண்டுகள் சக்கரங்களுக்குச் செல்லும். ஒவ்வொரு தண்டுக்கும் உள்முனையில் மட்டுமே ஒரு மூட்டு உண்டு; பட்டறைகளில் அதைக் 'கிராஸ் ஜாயின்ட்' என்பர். மேலே குறுக்காக ஒரு பட்டைவில். கீலில் கதவு ஆடுவது போல், சக்கரம் அம்மூட்டைச் சார்ந்து மேலும் கீழும் ஆடும்.

இங்கே தண்டு ஒன்று, வேலை இரண்டு. எஞ்சினின் விசையைச் சக்கரத்திற்குக் கொண்டு செல்வதும் அதுவே. திருப்பங்களில் பக்கவாட்டில் தள்ளும் பாரத்தைத் தாங்குவதும் அதுவே. நிதானமாகச் செல்லும் சிறு காருக்கு இது போதும். விரைவாகத் திரும்பும்போதோ, வெளிப்புறச் சக்கரத்தின்மேல் விழும் பாரம் வண்டியின் பின்பகுதியை மேலே உயர்த்த முற்படும். சக்கரம் உட்புறம் மடங்கி, டயரின் ஓரம் மட்டும் சாலையைத் தொடும். அஞ்சிய ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் திடீரென எடுப்பாராயின் நிலைமை மேலும் மோசமாகும். வண்டி சுழன்று விடவும் கூடும்.

ஹெரால்டின் முதல் எஞ்சின் 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. அதே குடும்பத்தில் 1966இல் பிறந்த ஜி.டி.6 என்னும் விரைவுக் காருக்கு 1998 கன சென்டிமீட்டர் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினர். கொள்ளளவு இரு மடங்குக்கு மேல் வளர்ந்தது. பின்புற அமைப்போ அடிப்படையில் பழையதே. அதன் நடத்தையைப் பற்றிக் கண்டனங்கள் எழுந்தன.

1968இல் நிறுவனத்தார் அதைத் திருத்தினர். சக்கரத்தின் கீழ்ப்பகுதியைப் பற்றிக்கொள்ள இருபுறமும் ஒரு கவைக்கரம் அமைத்தனர். தண்டில் 'ரோட்டோஃப்ளெக்ஸ்' எனப்படும் ரப்பர் இணைப்பைச் சேர்த்தனர். மேலே பட்டைவில்லும் கீழே கரமும் சக்கரத்தைத் தாங்க, தண்டுக்குச் சுழற்றும் வேலை மட்டுமே எஞ்சியது. இந்தப் பணிப்பிரிவினையே சீர்திருத்தத்தின் உயிர்நிலை. ரப்பர் நாளடைவில் வெடிக்கும், தேயும். ஆதலின் பிற்கால ஆர்வலர் அதற்கு மாற்றாக 'சி.வி. ஜாயின்ட்' பூண்ட தண்டுகளைப் பொருத்துகின்றனர்.

கிராஸ் ஜாயின்ட்டிற்கும் இதற்கும் வேறுபாடு யாது? கிராஸ் ஜாயின்ட் ஒன்று தனித்து 10 பாகை மடங்கிச் சுழலுமாயின், ஒரு சுற்றுக்குள் அதன் வெளிமுனை வேகம் இருமுறை ஏறி இறங்கும். ஏற்றம் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரை. 20 பாகையில் அது ஆறாக வளரும். சி.வி. ஜாயின்ட்டில் இவ்வேற்றத்தாழ்வு இல்லை. மடங்கினும் வேகம் சீராகவே செல்லும்.

வேறு வழிகளும் உண்டு. 1970இல் வந்த நான்காம் ஸ்பிட்ஃபயரில் பட்டைவில்லின் தகடுகளிற் பெரும்பாலானவை நடுவே அசையுமாறு அமைத்து, சக்கரம் மடங்கும் போக்கைக் குறைத்தனர். இந்தியாவில் 1972இல் வெளியான ஸ்டாண்டர்டு கசேல் காரோ, ஆடும் தண்டுகளையே கைவிட்டு, லாரிகளிற் காணும் ஒற்றை அச்சுக்குத் திரும்பியது.

தில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ பழைய ஹெரால்டு ஒன்றை அன்புடன் பேணிவரும் தமிழன்பர், அதற்கு வலிய எஞ்சின் பூட்ட விரும்பலாம். அவர் பின்பற்ற வேண்டிய வரிசை இது. முதலில் உள்ளதைச் சோதிக்க வேண்டும்: கிராஸ் ஜாயின்ட்டில் ஆட்டம் உண்டா, சக்கரத்து பேரிங் ஒலிக்கிறதா, புஷ்கள் தேய்ந்தனவா, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா? அடுத்துச் சக்கரம் மடங்காதபடி பின்னமைப்பைத் திருத்த வேண்டும். அதன் பின்னர் வலிய தண்டுகள். தண்டை மட்டும் வலுப்படுத்தினால், முறிவு டிஃபரன்ஷியலின் பற்களுக்கு இடம் மாறும் என்பதையும் மறத்தலாகாது. பட்டைவில்லைத் தாழ்த்துவது பந்தயக்காரர் அறிந்த எளிய வழி. ஆயினும் நம் சாலைகளின் வேகத்தடைகளில் வண்டியின் அடிப்பாகம் இடிபடும். எஞ்சினுக்குரிய இடம் இவ்வரிசையின் இறுதியிலேயே.

சட்டத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதற்கு வரம்பு விதிக்கிறது. எஞ்சினை மாற்றுவோர் பதிவு அதிகாரியின் அனுமதியை முன்னதாகப் பெறுதல் வேண்டும்.

வேகம் முன்னே தெரியும். அதற்குரிய பாதுகாப்போ பின்னே, வண்டியின் அடியில், கண்ணுக்குப் புலப்படாமல் உழைக்கும். தொலைவிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பும் நாம், புறப்படுமுன் ஒருமுறை குனிந்து அவ்விடத்தைப் பார்ப்போமாக.