எதை எதனோடு சேர்ப்பது?



நெரிசல் மிகுந்த நகரச் சாலைகளில் தகவமைப்புச் சிக்னல்களை ஒருங்கிணைப்பது பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். இது போன்ற ஆய்வுகள் பலவும் ஒருங்கிணைப்பை நன்மை என்றே வைத்துக்கொண்டு, அதை எப்படிப் பெருக்குவது என்று பார்க்கின்றன. எந்தச் சந்திப்பை எதனோடு சேர்ப்பது என்ற கேள்வி அதற்கும் முந்தையது.

சேர்க்க வேண்டுமானால் வரிசையிலுள்ள சிக்னல்களுக்குப் பொதுவாக ஒரே சுழற்சி நேரம் வேண்டும். உகந்த சுழற்சி நேரத்துக்கு 1958இல் வெப்ஸ்டர் தந்த சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு சுழற்சியில் 16 நொடி இழப்பு என்று கொள்வோம். வரத்துக்கும் செறிவு ஓட்டத்துக்கும் உள்ள விகிதங்களின் கூட்டுத்தொகை 0.7 என்றால் ஏறத்தாழ 97 நொடி போதும், 0.8 என்றால் 145 நொடி. இப்படிப்பட்ட இரு சந்திப்புகளைக் கோத்தால் சின்னச் சந்திப்பும் 145 நொடியில் ஓட வேண்டியதுதான். பிரதான சாலையில் வண்டியே வராத பச்சை எரிந்துகொண்டிருக்கும்; குறுக்குத் தெருவில் வரிசை நீளும்; நடந்து வருபவர் பொறுமையிழந்து கிடைத்த சந்தில் இறங்கிவிடுவார்.

இது தெரியாத சங்கதி அல்ல. 1970களில் சிட்னியில் உருவான ஸ்கேட்ஸ் முறை, அடுத்தடுத்த தொகுதிகளின் சுழற்சித் தேவை நெருங்கும்போது அவற்றைச் சேர்க்கும், விலகும்போது பிரிக்கும். இதைக் கல்யாணம், விவாகரத்து என்றே அத்துறையினர் சொல்கிறார்கள். (சேர்த்துவைக்க நமக்கு இருக்கும் ஆர்வம் பிரித்துவைக்க இருப்பதில்லை!)

இரு திசைக்கும் பச்சை அலை வேண்டுமென்றால் சிக்கல் இன்னும் கூடும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம், 120 நொடிச் சுழற்சி என்றால், 600 மீட்டருக்கு ஒரு சந்திப்பு அமைந்தால்தான் கணக்கு அழகாக ஒத்துவரும். நம் சாலைகளை யாரும் அப்படி அளந்து போடவில்லை. அதோடு, ஒரு சிக்னலில் கூட்டமாகக் கிளம்பும் வண்டிகள் அடுத்ததை அடைவதற்குள் கலைந்துவிடுகின்றன. டூவீலர் முந்திக்கொள்ளும், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும், ஷேர் ஆட்டோ கைகாட்டிய இடத்திலெல்லாம் நிற்கும். தடத்துக்கு ஒரு வண்டி என்று எண்ணிப் பழகிய உணரிகளுக்கு இந்தக் கூட்டம் பிடிபடாது. அதனால்தான் திருவனந்தபுரத்து சி-டாக் நிறுவனம் நம் ஊர்ப் போக்குவரத்துக்கென்றே ஒரு கட்டுப்பாட்டு முறையை உருவாக்க வேண்டியிருந்தது.

போக்குவரத்துக் காவலரைப் பற்றி ஒன்று. நெரிசல் நேரத்தில் அவர் சிக்னலைக் கையால் இயக்குவதை நம் ஆய்வுகள் இடையூறாகக் கருதித் தரவிலிருந்து நீக்கிவிடுகின்றன. அடுத்த சந்திப்பின் வரிசை பின்னோக்கி வளர்ந்து தன் சந்திப்பை அடைக்கப்போவதை அவர் கண்ணால் பார்க்கிறார், உணரி பார்ப்பதில்லை. அவர் எப்போது கைவைத்தார் என்பதைப் பதிவுசெய்தால், எந்த இடத்தில் இணைப்பை அறுத்திருக்க வேண்டும் என்பது புலப்படும் என்று நினைக்கிறேன்.

எனவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரதான சாலையின் பயண நேரம் எவ்வளவு குறைந்தது என்று சொல்லும்போதே, குறுக்குத் தெருவிலும் நடைபாதையிலும் நின்றவர்களின் காத்திருப்பையும் அதே அட்டவணையில் தாருங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.